பின்பனியும் காலுறையும்



சென்ற மாசித் திங்களில் நமது சங்கத்தின் வாரக் கூட்டத்திற்கு, இமயமலைப் பக்கம் சென்று திரும்பிய அன்பர் ஒருவர், ஒரு சோடிக் கம்பளிக் காலுறைகளைக் கொணர்ந்து மேசைமீது வைத்தார். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாய், இடையிடையே கட்டங்கள் விளங்க, கையாற் பின்னப்பட்டவை அவை. லாஹூல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, பின்பனிக் காலத்தில் வெளியே செல்ல வழியின்றி வீட்டினுள் இருந்த நாட்களில் அவற்றைப் பின்னினாராம். "பொறுமை என்னும் பாரமிதைக்கு இதனினும் நல்ல சான்று வேறுண்டோ?" என்று அவ்வன்பர் மகிழ்ந்துரைத்தார்.

அப்பொழுது இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, பொறுத்திருங்கள், பொறுத்திருங்கள் என்று நம் பாட்டன்மார் காலந்தொட்டு நமக்குச் சொல்லி வந்தவர்கள் யாவர்? அவர்களில் எவரேனும் தாம் பொறுத்திருந்ததுண்டா? காத்திருத்தலைப் புகழ்வது பௌத்தர்களாகிய நமக்குத் தகுமோ?" என்று வினவினார். கூட்டம் சற்று நேரம் வாளாவிருந்தது. அவ்வினா எளிதில் தள்ளற்பாலதன்று. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடை காணுமுன் அக்காலுறை பிறந்த நாட்டையும் அது பிறந்த விதத்தையும் சிறிது அறிந்து கொள்ளல் நலம்.

லாஹூல் என்பது இமாசலப் பிரதேசத்தின் வடபால், லாஹூல்-ஸ்பிதி மாவட்டத்தில் உள்ளது. சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் தாண்டி என்னும் இடத்தில் ஒன்றுகூடிச் செனாப் நதியாய்ப் பெருகுகின்றன. மாவட்டத் தலைநகராகிய கேலாங், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் இருக்கிறது. நதிக்கு அப்பால் எதிர்மலையில் கர்தாங் என்னும் பௌத்த மடாலயம் காட்சி தருகிறது. பௌத்தமும் இந்து சமயமும் அண்டை அயலாய், பல வீடுகளில் ஒன்றோடொன்று கலந்தும் வாழும் நாடு அது. அங்கிருந்து தெற்கே குலு, மணாலிப் பக்கம் வருவதற்குரிய பழைய வழி ரோதாங் கணவாய். அதன் உயரம் 3,978 மீட்டர். நவம்பர் மாதத்தில் பனி மூடினால், மே மாதம்வரை அவ்வழி அடைபட்டுக் கிடப்பதே நெடுங்கால வழக்கம். ஏறத்தாழ ஆறு மாதம் ஒரு நாடு முழுவதும் கதவடைத்த வீடாகி விடும் என்றால், கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் நம்மவர்க்கு அதனை எண்ணிப் பார்ப்பதும் அரிதே.

அவ்வாறு மாதங்களில் மிகக் கொடியது எது? முன்பனியன்று, பின்பனியே என்க. முன்பனியில் களஞ்சியம் நிறைந்திருக்கும், அடுப்பெரிக்க விறகிருக்கும், மனமும் குளிருக்கு ஆயத்தமாயிருக்கும். மாசி, பங்குனியிலோ விறகு குறைந்துவிடும். கால்நடைகளுக்கு வைத்த வைக்கோலும் குறைந்துவிடும். ஒரு நாள் வெயில் காயும். இனி வசந்தமே என்று மனம் துள்ளும். மறுநாள் முழங்காலளவு பனி பெய்யும். வெயிலால் இளகிய பனி, சரிவுகளிலிருந்து பெயர்ந்து விழும் காலமும் இதுவே. இன்னும் ஒரு திங்கள் பொறுக்க மாட்டாமல், கணவாயைக் கடந்துவிடலாம் என்று துணிந்து புறப்பட்டுப் பனியில் மாண்டவர் பலர். ரோதாங் என்னும் பெயருக்கே 'பிணக்குவியல்' என்று அந்நாட்டார் பொருள் கூறுவர். எனவே, அங்கே பொறுமை என்பது நூலோர் உரைக்கும் அழகிய சொல் மட்டுமன்று. உயிர் காக்கும் கவசமாம்.

ஆயினும், 'பொறு' என்று மனத்திற்குக் கட்டளையிட்டால் அது பொறுத்துவிடுமோ? கைக்கு வேலையில்லாதவனின் மனம் ஒரு நாளில் நூறு தடவை கணவாயைக் கடக்கும். கடந்து கடந்து அலுத்து, அயலானோடு பூசலிடும். அல்லது மதுக்குடத்தை நாடும். லாஹூல் மக்கள் இதனை நன்கறிந்தவர்கள். ஆடவரும் பெண்டிரும் ஆட்டு மயிரைத் தக்ளியில் நூற்பர். பெண்கள் அடுப்பைச் சுற்றியமர்ந்து காலுறையும் கையுறையும் பின்னுவர். அவர்தம் காலுறைகள் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்றாக விளங்குகின்றன.

காலுறை பின்னுதல் எவ்வாறெனில், நான்கைந்து ஊசிகளில் நூற்கண்ணிகளை ஏற்றி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரிசை வரிசையாகப் பின்னிச் செல்வர். கணைக்காலுக்கு ஓர் அளவு, குதிகாலுக்கு ஒரு திருப்பம், பாதத்திற்கு ஒரு நீளம், விரல்முனைக்கு ஒரு குறுக்கம் என்று கணக்குண்டு. ஒரு கண்ணி நழுவினால், அதன் கீழுள்ள கண்ணிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் அவிழும். கண்டவுடன் நிறுத்தி, நழுவியவிடத்திற்குத் திரும்பிச் சென்று மீண்டும் எடுத்துப் பின்ன வேண்டும். இதில் கோபத்திற்கு இடமில்லை. கோபித்து இழுத்தால் இன்னும் அவிழும். அவிழ்ந்த நூலும் வீணாவதில்லை. அதே நூலைக்கொண்டு அதே காலுறையை மறுபடியும் பின்னலாம். தவறு செய்தவன் தன்னையே வெறுத்து வருந்திக் கிடத்தல் வேண்டா, தவறிய இடத்தைக் கண்டு திருந்துக என்று போதிக்கும் நம் தன்மத்திற்கும் இத்தொழிலுக்கும் எத்துணைப் பொருத்தம் பாருங்கள்!

இக்கைத்தொழில் அந்நாட்டிற் பரவிய வரலாறும் நோக்கத்தக்கது. நூற்றலும் நெய்தலும் அங்கே தொன்மையானவை. ஊசியாற் காலுறை பின்னுதலோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. 1850-களில் கேலாங்கில் வந்து தங்கிய மொராவியத் திருச்சபைப் பாதிரிமாருள் வில்ஹெல்ம் ஹைடே என்பவர் ஒருவர். அவர்தம் மனைவியார் மரியா ஹைடே, அவ்வூர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்பித்தார். அவர்கள் கொணர்ந்த சமயத்தை ஏற்றவர் மிகச் சிலர். அவர் கற்பித்த பின்னலையோ நாடே ஏற்றது. ஏற்றவர் அதனை அப்படியே வைத்துக் கொள்ளவில்லை. தம் நிறங்களையும் தம் உருவங்களையும் அதில் ஏற்றித் தமதாக்கிக் கொண்டனர். நல்லது எங்கிருந்து வரினும் ஆராய்ந்து கொள்க என்னும் அறிவுடைமைக்கு இஃது எடுத்துக்காட்டன்றோ?

இனி நிறங்களைப்பற்றி ஒரு வினா எழக்கூடும். "குளிருக்குக் கம்பளி வேண்டும், ஒப்புகிறோம், ஆனால் ஏழு வண்ணம் எதற்கு? ஆசையைக் குறைக்கச் சொல்லும் பௌத்தத்தில் இவ்வலங்காரத்திற்கு இடமேது?" என்பாரும் உளர். இதற்கு விடை அக்காலுறையின் உட்புறத்திலேயே இருக்கிறது. அதனைப் புரட்டிப் பாருங்கள். ஒரே வரிசையில் இரண்டு நிற நூல்களைக் கொண்டு உருவம் பின்னும்போது, முகப்பில் தோன்றாத நூல் பின்புறமாகத் தொடர்ந்து செல்கிறது. ஆகவே உருவமுள்ள இடத்தில் துணி இரு மடங்கு தடிக்கிறது. இரண்டு நூல்களுக்கும் இடையே காற்றுத் தங்குகிறது. கம்பளி இழைகள் சுருள் சுருளாயிருத்தலின் அவற்றினுள்ளும் காற்றுச் சிறைப்படுகிறது. அக்காற்றே உடலின் வெப்பத்தை வெளியே போகவொட்டாமல் காக்கிறது. மேலும் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உட்கொண்டாலும் தொடுவதற்கு ஈரமாய்த் தோன்றாது. எனவே, அழகென்று நாம் கண்டதே வெப்பமாகவும் இருக்கிறது. மண்ணும் மரமும் கூரையும் வெளுத்துக் கிடக்கும் நாட்களில், கண்ணுக்குச் சிறிது சிவப்பும் மஞ்சளும் கிடைத்தல் உள்ளச் சோர்வுக்கு மருந்துமாகும். தன் செருக்கைக் காட்ட அணிவது ஒன்று; உறைந்துகிடக்கும் மனத்தையும் காலையும் ஒருங்கே காக்க அணிவது வேறொன்று. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

நிற்க. ததாகதர் குளிரைப்பற்றி என்ன கருதினார் என்பதையும் ஆராய்வோம். மாக மாதத்தின் கடைசி நான்கு இரவுகளையும் பால்குன மாதத்தின் முதல் நான்கு இரவுகளையும் சேர்த்துக் கடுங்குளிர்க் காலமெனப் பண்டை உரைகாரர் கூறுவர். பாலி நூல்களில் 'எட்டுகளின் இடைப்பட்ட பனிவீழ் காலம்' எனக் குறிக்கப்படுவது இதுவே. அத்தகைய ஓரிரவில், ஆளவி நாட்டுச் சிம்சபா வனத்தில், இலைப் படுக்கையில் பகவான் தங்கியிருக்கக் கண்ட ஹத்தகர் என்னும் உபாசகர், "இரவு குளிர்ந்தது, தரை கரடுமுரடு, இலைகள் மெல்லியன, காற்றும் கடியது, நன்கு துயின்றீரோ?" என்று கேட்டார். பகவானோ, தாம் நன்கு துயின்றதாகவே விடையளித்து, காற்றுப் புகாத மாளிகையில் பஞ்சணைமேற் படுத்தவனும் ஆசை, வெகுளி, மயக்கம் என்னும் தீயால் வேகுவானாயின் அவனுக்குத் துயில் ஏது என்று விளக்கினார்.

இதைமட்டும் படித்து, 'குளிரைப் பொருட்படுத்தாமையே பௌத்தம்' என்று முடிவு கட்டுவது பிழையாம். விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வேறொரு நிகழ்ச்சி வருகிறது. இராசகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், பிக்குகள் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சீவரங்களை மூட்டை மூட்டையாகச் சுமந்து செல்வதைப் பகவான் கண்டார். எத்தனை சீவரம் தேவை என்பதை அவர் ஊகத்தால் முடிவு செய்யவில்லை. மேற்சொன்ன கடுங்குளிர் இரவொன்றில், வைசாலியில் கோதமக சேதியத்தருகே, திறந்த வெளியில் ஒரே சீவரத்துடன் அமர்ந்தார். முதல் யாமம் கழிந்ததும் குளிர்ந்தது, இரண்டாவதைப் போர்த்தார். நடுயாமம் கழிந்ததும் குளிர்ந்தது, மூன்றாவதைப் போர்த்தார். விடியற்காலையில் மேலும் குளிர்ந்தது. நான்காவதைப் போர்த்த பிறகே குளிர் நீங்கியது. தம் உடலிலேயே குளிரை அளந்தறிந்தபின், மேற்போர்வையை இரட்டையாக வைத்து மூன்று சீவரங்களை விதித்தார். குளிரால் நடுங்கும் குலபுத்திரரும் துறவு பூண்டிருப்பர் என்பதே அவர் எண்ணம். மிகையைக் குறைத்தார், தேவையை மறுக்கவில்லை. இதுவன்றோ மத்திம மார்க்கம்!

கால்களையும் அவர் மறந்தாரல்லர். அவந்தி நாட்டுத் தரை கரடாகவும் மாட்டுக் குளம்புகளால் மிதிபட்டும் இருந்தமையால், அங்குள்ள பிக்குகள் பல அடுக்குத் தோலுள்ள பாதரட்சை அணியலாமா என்று மகாகச்சானர் சார்பில் சோணர் என்பவர் வந்து விண்ணப்பித்தபோது, எல்லைப்புற நாடுகள் அனைத்திற்கும் அதனை அனுமதித்தார். நாட்டுக்கும் தரைக்கும் ஏற்ப விதி இளகலாம். வருந்தும் காலைக் காட்டிலும் விதி பெரிதன்று. ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடத்தலாகாதென்று தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, ஒரு மனிதன் காலை மூடிக்கொள்ளும் உரிமையின் பெருமையைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அறம் யாதெனக் கூறவந்த மணிமேகலைக் காப்பியமும், உணவோடு உடையையும் உறைவிடத்தையும் சேர்த்தே எண்ணுகிறது.

பின்னுபவளின் மனத்தை இனி நோக்குவோம். காலுறை என்பது பெரும்பாலும் பிறர் காலின் அளவு. கணவனுக்கோ மகனுக்கோ பேத்திக்கோ என்று அந்தக் காலை மனத்தில் வைத்தே கண்ணிகளை எண்ண வேண்டும். ஆகவே ஆறு மாதம் அடைபட்ட வீட்டிலும் அவள் எண்ணம் தன்னைச் சுற்றியே சுழல்வதில்லை. பகவானின் சிற்றன்னையும் வளர்ப்புத் தாயுமாகிய மகாபிரசாபதி கௌதமியார், தம் கையாலேயே நூற்று நெய்த இரு புத்தாடைகளைக் கபிலவாஸ்துவில் அவருக்கு அளிக்க வந்தபோது, அவர் அதனைச் சங்கத்திற்கு வழங்குமாறு மும்முறையும் கூறினார். தாயின் அன்பை அவர் மறுத்தாரல்லர். ஒருவர்மேற் சென்ற அவ்வன்பை எல்லோர் மேலும் செல்ல விரிவாக்கினார். நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஒரு சோடி தம் பிள்ளைக்கென்றும், மறு சோடி தில்லித் தெருவோரத்தில் நடுங்கும் முகமறியாப் பிள்ளைக்கென்றும் பின்னுவராயின், அதுவும் சங்கதானத்தின் வழிப்பட்டதே ஆகும்.

ஆனால் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பனிக்காலம் ஓய்வுக்காலம் என்கிறோம், யாருக்கு ஓய்வு? நீர் கொணர்தலும் சமைத்தலும் கால்நடை பேணலும் முடித்து, அதன்பின் ஊசியைக் கையிலெடுப்பவள் பெண்ணே. அவள் பின்னிய காலுறை கடைவீதியில் விலைபோகும்போது அவள் உழைப்புக்குரிய கூலி அவளுக்குச் சேர வேண்டும். 'பொறுமைசாலி' என்று புகழ்ந்து கூலியைக் குறைப்பது அறமாகாது. அப்புகழ் ஏமாற்றே.

இங்கேதான் நம் இளைஞர் எழுப்பிய வினாவுக்கு வந்து சேர்கிறோம். காத்திருத்தல் இருவகைப்படும். பனி உருகக் காத்திருத்தல் ஒன்று. மனிதர் மனம் உருகக் காத்திருத்தல் மற்றொன்று. பனிக்கு யார்மீதும் பகையில்லை. அது மனுக் கொடுத்தால் விலகுவதுமில்லை, கோபித்தால் கரைவதுமில்லை. தன் காரணங்கள் மாறியபோது தானே கரையும். அதன்முன் பொறுத்திருத்தல் அறிவு. அநீதியோ மனிதர் செய்தது. மனிதர் காப்பாற்றி வருவது. எந்தச் சித்திரை மாத வெயிலிலும் அது தானே உருகியதாக வரலாறில்லை. அதன் காரணங்களை மனிதரே மாற்ற வேண்டும். அதன்முன் 'பொறுத்திரு' என்று போதிப்பவன், மனிதன் கட்டிய சுவரைப் பனியென்று காட்டி ஏய்க்கிறான். 'இது இருத்தலால் அது உண்டாகிறது. இது அற்றால் அது அறும்' என்னும் சார்பிற் தோற்றக் கொள்கையைக் கற்ற நாம், எது பனி, எது சுவர் என்று பிரித்தறியக் கடமைப்பட்டவர்கள்.

லாஹூல் மக்களே இதற்குச் சான்று. அவர்கள் பனிக்காலத்திற் பின்னினார்கள். ஆனால் பின்னிக்கொண்டே இருந்துவிடவில்லை. கணவாய் அடைபட்ட நாட்களில் கடும் நோயாளியையும் பேறுகாலப் பெண்ணையும் வெளியே கொண்டுசெல்ல, வானிலை இடங்கொடுத்தால் ஹெலிகாப்டர், இன்றேல் விதி என்று கிடப்பதை அவர்கள் இயற்கையென ஒப்பவில்லை. மலையைக் குடைந்து வழி வேண்டுமெனப் பல ஆண்டுகள் கேட்டார்கள். 2010-ஆம் ஆண்டில் சுரங்கப் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, அடல் சுரங்கப் பாதை என்னும் பெயருடன் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பட்டது. பனி முன்போலவே பெய்கிறது. பனிச்சரிவுகளால் சில நாட்கள் சாலை இன்றும் அடைபடுகிறது. அந்நாட்களில் காலுறை பின்னுதலும் நடக்கிறது. ஆனால் ஆறு மாதச் சிறை நீங்கிற்று. பனியை அவர்கள் பொறுத்தார்கள், வழியில்லாமையைப் பொறுக்கவில்லை. ஊசி பிடித்ததும் விண்ணப்பம் எழுதியதும் அதே கைகளே.

பத்துப் பாரமிதைகளை எண்ணும் முறையை நினைவு கூருங்கள். வீரியம் ஐந்தாவது, அதனையடுத்துக் கந்தி, அஃதாவது பொறுமை, ஆறாவது. ஊக்கமும் பொறுமையும் அருகருகே நிற்கின்றன. ஊக்கமில்லாப் பொறுமை அடிமைத்தனமாய் முடியும். பொறுமையில்லா ஊக்கம் கணவாயில் மாண்டவரின் துணிவாய் முடியும். நம் இயக்கத்திலும் இவ்விரண்டு குறைகளையும் கண்டிருக்கிறோம். ஒரு கூட்டத்தில் முழங்கிவிட்டு மறு கூட்டத்திற்கு வாராதாரும் உளர்; ஆண்டுதோறும் வந்தமர்ந்து எதற்கும் வாய்திறவாதாரும் உளர். முன்னவர் ஒரு வரிசை பின்னி ஊசியை எறிந்தவர். பின்னவர் நூலை மடியில் வைத்துக்கொண்டு உறங்குபவர்.

ஆகவே அவ்விளைஞர்க்கு நாம் கூறுவது இது. பொறுத்திருக்கும்படி உங்களுக்கு எவரேனும் சொன்னால், முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதிரே நிற்பது பனியா, சுவரா? காத்திருக்கும் நாட்களில் என் கை என்ன செய்கிறது? அதன் பயன் யார் காலுக்குச் சேர்கிறது? பனியெனில் பின்னுங்கள், சுவரெனில் குடையுங்கள், குடைவது பல்லாண்டு ஆகுமெனில், குடைந்துகொண்டே பின்னுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துதல், முதியோர்க்கு எழுத்தறிவித்தல், சங்கத்தின் படிப்பகத்தைத் திறந்து வைத்தல் ஆகிய இவையெல்லாம் நாம் பின்ன வேண்டிய வரிசைகளே. ஒரு வரிசையில் ஒரு காலுறை முடிவதில்லை. ஆனால் எந்தக் காலுறையும் வரிசை வரிசையாக அல்லாமல் முடிந்ததுமில்லை.

அன்று மேசைமீது வைக்கப்பட்ட காலுறைகளைச் சங்கத்தார் என்ன செய்தனர் என்று கேட்பீர்கள். காட்சிப் பொருளாக வைக்கலாம் என்றனர் சிலர். முடிவில், இரவுக் காவல் வேலை பார்க்கும் நம் முதிய உபாசகர் ஒருவர்க்கு அவை அளிக்கப்பட்டன. மறு வாரம் அவர் அவற்றை அணிந்தே கூட்டத்திற்கு வந்திருந்தார். குதிகாலருகே ஒரு கண்ணி அவிழத் தொடங்கியிருந்தது. வினா எழுப்பிய அவ்விளைஞரே ஊசியும் நூலும் கொணர்ந்து, பெரியவரின் காலடியில் அமர்ந்து, அதனைப் பொறுமையுடன் எடுத்துத் தைத்துக் கொடுத்தார்.

குளிரால் வருந்தும் உயிர்கள் யாவும் வெம்மை பெறுக! அடைபட்ட வழிகள் யாவும் திறக்கப்படுக!